ஸ்லோ குக்கரில் பன்றி இறைச்சி, மின் அவனில் வாட்டிய மரக்கறி: ஒரு சமையலில் நாலு நாள் சாப்பாடு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

திருகோணமலையில் பன்றி இறைச்சி சாப்பிடும் வீடுகள் குறைவு. சாப்பிடும் வீடுகளில் அது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். சனி வாங்கி, ஞாயிறு பூசை முடிந்து வந்து கறியாக்கினால் பின்னேரத்துக்குள் சட்டி காலி. திங்கள் விடிந்ததும் இன்றைக்கு என்ன கறி என்ற யோசனை திரும்பத் தொடங்கும். குறைந்த சூட்டில் பல மணித்தியாலம் வேகவைக்கும் மின்சட்டியான ஸ்லோ குக்கர் வந்தபிறகு எங்கள் வீட்டில் ஒழுங்கு வேறு. கிழமைக்கு ஒருமுறை இரண்டு கிலோ போட்டால் புதன் வரை ஒவ்வொரு நாளும் வேறு வேறு சாப்பாடு. இதைக் கேள்விப்படும் சொந்தக்காரரும் அயலவரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் என்ன செய்கிறீர்கள்?

பன்றியின் தோள்பகுதியை உப்பு, மிளகு, உள்ளி, கொறுக்காய் (கொடம்புளி), வாசத்துக்குக் கொஞ்சம் கறுவா, கராம்பு போட்டு இரவு முழுக்க ஸ்லோ குக்கரில் விட்டுவிடுகிறேன். கறித்தூள் கிடையாது. காலையில் கரண்டி பட்டாலே பிரியும் பதத்துக்கு வந்துவிடும். மரக்கறியைத் தனியாக, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன் அவனில் வாட்டுகிறேன். ஞாயிறு இரண்டையும் பாணோடு சாப்பிடுவோம். மிச்ச இறைச்சி திங்கள் கறியாகும், செவ்வாய் கொத்துரொட்டியாகும், புதன் ரோல்ஸுக்கோ சூப்புக்கோ போகும்.

முதல் நாளே கறியாக்கினால் வேலை மிச்சம்தானே?

கறியாக்கினால் நாலு நாளும் கறிதான். எவ்வளவு ருசியான கறி என்றாலும் மூன்றாம் நாள் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். தூள் ஒருமுறை இறைச்சிக்குள் இறங்கிவிட்டால் அதை வேறு எதுவாகவும் மாற்ற முடியாது. உப்பும் மிளகும் மட்டும் போட்ட இறைச்சியை எந்தப் பக்கமும் திருப்பலாம்.

ருசிக்காகவும் இதையே சொல்வேன். எட்டு ஒன்பது மணித்தியாலம் மூடிக் கிடக்கும் சட்டிக்குள் வறுத்த தூளின் வாசம் மங்கிவிடும். கறிவேப்பிலை சாயம் போன துணி மாதிரி ஆகிவிடும். தேங்காய்ப்பால் திரைந்துவிடும். தூளும் பாலும் கடைசிக் கால்மணித்தியாலத்தில் சேர வேண்டியவை. நான் சொல்வதில் எல்லோரும் முதலில் மீறுவது இதைத்தான், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியென்றால் கொறுக்காய் மட்டும் ஏன்?

கொழுப்பின் திகட்டலை அது வெட்டும். இந்த நாட்டில் பன்றிக்கும் கொறுக்காய்க்கும் உள்ள பொருத்தம் இன்று நேற்று வந்ததல்ல. அதன் புளிப்பு பாணோடும் போகும், கறியோடும் போகும், கொத்தோடும் போகும், அதனால் முதல் நாளே போட்டாலும் நட்டமில்லை. இரண்டு கிலோவுக்கு ஆறு சுளை போதும். சுடுநீரில் ஊறவைத்து அரைத்துப் போடுங்கள், முழுதாகப் போட்டால் ஒரே இடத்தில் புளிக்கும். கொறுக்காய் இல்லாவிட்டால் இரண்டு மேசைக்கரண்டி தென்னங்கள் வினாகிரி. பழப்புளியும் சரிதான், ஆனால் பாணோடு சாப்பிடும்போது அதன் ருசி கொஞ்சம் தூக்கலாகத் தெரியும்.

எந்தப் பகுதியை வாங்குவது?

முன்னங்கால் தோள்பகுதி. நிறைய வேலை செய்த தசை என்பதால் நார்களுக்கு இடையே கொலாஜன் என்ற இணைப்புத் திசு அதிகம். அவசரச் சமையலில் இதுதான் சவ்வு மாதிரி இழுபடும். 70 பாகை செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் வைத்தால் இதே திசு மெல்ல இளகி ஜெலற்றினாக மாறும். உள்வெப்பம் 90 முதல் 95 பாகை வரும்போது இறைச்சி தானாகப் பிரிகிறது என்றால் அதற்குக் காரணம் இந்த மாற்றம். முதுகு இறைச்சியில் கொழுப்பும் குறைவு, கொலாஜனும் குறைவு. பார்க்க அழகாக இருக்கும், விலையும் கூட, எட்டு மணித்தியாலத்தில் மரத்தூள் பதத்துக்கு வரண்டுவிடும். வயிற்றுப் பகுதி இதற்கு மறுபக்கம், பாதிக்குப் பாதி எண்ணெயாக இறங்கிவிடும்.

கடையில் ஒரு விஷயம் கவனம். "கறிக்கோ?" என்று கேட்டுக்கொண்டே கத்தியை ஓங்கிவிடுவார்கள். நீங்கள் ஓம் என்று சொல்லி முடிப்பதற்குள் எலும்பும் தோலுமாக ஓர் அங்குலத் துண்டுகள் தராசில் இருக்கும். தராசுக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள்: முழுத்துண்டாக வேண்டும், தோலை மட்டும் தனியே எடுத்துத் தாருங்கள். நகரில் எல்லா இறைச்சிக்கடையிலும் பன்றி இருக்காது, விற்கும் இடத்திலும் எல்லா நாளும் இருக்காது, முதல் நாளே சொல்லிவைத்தால் நல்ல துண்டு கிடைக்கும். போயா (பௌர்ணமி) நாளில் இறைச்சிக்கடை திறக்காது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் போயா சனிக்கிழமையில் வரும் மாதம் யாராவது ஒருவர் வெறுங்கையோடு திரும்புவார்.

எத்தனை பேருக்கு எவ்வளவு?

இரண்டு கிலோ பச்சை இறைச்சி வெந்து பிரித்தெடுக்கும்போது ஏறக்குறைய 1.2 கிலோவாகிவிடும். ஐந்து பேர் உள்ள வீட்டில் நான் பிரிப்பது இப்படி: ஞாயிறு 500 கிராம், திங்கள் 350, செவ்வாய் 200, புதன் 150. பின்னுக்குப் போகப் போக இறைச்சி குறைந்து மாவும் மரக்கறியும் கூடும். ஞாயிற்றுக்கிழமையே பங்கைப் பிரித்துப் பெட்டிகளில் போட்டுவிட வேண்டும். சட்டியோடு மேசையில் வைத்தால் திங்களுக்கு எதுவும் மிஞ்சாது.

செய்முறையை ஒழுங்காகச் சொல்லுங்கள் அக்கா.

சரி. சனி பின்னேரம் இறைச்சியை நாலு பெரிய துண்டாக வெட்டுங்கள். கழுவினால் துணியால் நன்றாக ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். நாலு மட்டத் தேக்கரண்டி உப்பு, மூன்று தேக்கரண்டி இடித்த மிளகு, எல்லாப் பக்கமும் தேய்த்து இரண்டு மூன்று மணித்தியாலம் பிரிஜ்ஜில் வையுங்கள். உப்பு குறைவாகத் தோன்றும். பரவாயில்லை, அடுத்தடுத்த நாள் சமையலில் இன்னும் உப்புச் சேரும்.

தாச்சியை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் விடாமல், கொழுப்புப் பக்கம் கீழே வரும்படி இறைச்சியை வையுங்கள். தன் கொழுப்பிலேயே பொரியத் தொடங்கும். ஒரு பக்கத்துக்கு மூன்று நாலு நிமிடம், கடும் மண்ணிறம் வரும்வரை தொடாமல் விடுங்கள். ஸ்லோ குக்கருக்குள் எதுவும் இந்த நிறத்துக்கு வராது. ஈரம் உள்ள இடத்தில் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது, இறைச்சி சிவந்து மணப்பதற்கு அதைவிட நல்ல சூடு வேண்டும்.

குக்கர் சட்டியின் அடியில் இரண்டு பம்பாய் வெங்காயத்தைத் தடித்த வளையமாக வெட்டிப் பரப்புங்கள். ஒரு முழு உள்ளியின் பற்கள், பெருவிரல் அளவு இஞ்சி, ஒரு துண்டு கறுவா, நாலு கராம்பு, ஒரு முழம் றம்பை இலையை முடிச்சுப் போட்டு. அதன்மேல் இறைச்சி, இறைச்சிமேல் அரைத்த கொறுக்காய். தாச்சியில் அரைக் கோப்பை சுடுநீர் விட்டு, அடியில் ஒட்டியதைச் சுரண்டி, அதையும் ஊற்றுங்கள். மூடி, குறைந்த சூட்டில், இரவு பத்து மணிக்கு. காலை ஆறு ஏழு மணிக்கு வெந்திருக்கும்.

வெந்ததும் துண்டுகளை அகலத் தட்டில் எடுத்து, சூடு இருக்கும்போதே இரண்டு முள்ளுக்கரண்டியால் பிரியுங்கள். ஆறினால் நார் இறுகி வேலை இரட்டிப்பாகும். சாற்றை வடித்து வேறாக வையுங்கள். மத்தியானத்துக்கு வேண்டிய பங்கை மட்டும் கொஞ்சச் சாறோடு திரும்பக் குக்கரில் போட்டுச் சூடு காக்கும் நிலையில் விடலாம், நாலு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். மிச்சம் உடனே பிரிஜ்ஜுக்கு.

அரைக் கோப்பைத் தண்ணீர் போதுமா? அடிப்பிடிக்காதா?

போதும். இறுக்கமான மூடிக்குள் ஆவி வெளியேறாது, இறைச்சியும் வெங்காயமும் தம் நீரை விடும். காலையில் திறந்தால் இரண்டு கோப்பைக்கு மேல் சாறு நிற்கும். நம் கறிச்சட்டிப் பழக்கத்தில் இறைச்சி மூடத் தண்ணீர் விட்டால் கிடைப்பது அவித்த இறைச்சி.

குறைந்த சூடா, கூடிய சூடா?

இரண்டும் கடைசியில் ஏறக்குறைய ஒரே வெப்பத்துக்குத்தான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, போய் நிற்கின்றன. எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதில்தான் வித்தியாசம். குறைந்த சூட்டில் எட்டு ஒன்பது மணித்தியாலம், கூடிய சூட்டில் ஐந்து ஆறு. தோள்பகுதிக்கு மெதுவாகப் போவதே நல்லது.

இடையில் மூடியைத் திறந்து பார்க்கலாமா?

வேண்டாம். ஒருமுறை திறந்தால் இழந்த சூட்டைப் பிடிக்கக் கால் அல்லது அரை மணித்தியாலம் எடுக்கும். கிளறவும் தேவையில்லை.

பன்றி இறைச்சியில் புழு இருக்கும் என்கிறார்களே?

நாடாப்புழுவின் குடம்பிப்பருவமும் இன்னும் சில ஒட்டுண்ணிகளும் வேகாத பன்றி இறைச்சி மூலம் வருவது உண்மை. முழுத்துண்டு இறைச்சிக்கு 63 பாகை உள்வெப்பமும் பிறகு மூன்று நிமிட ஓய்வும், அரைத்த இறைச்சிக்கு 71 பாகையும் பாதுகாப்பான அளவு. நம் துண்டு 90 பாகையைத் தாண்டிப் பல மணித்தியாலம் இருக்கிறது. கவனம் வேண்டியது வேறு இடத்தில்: பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலேயே சலாட் வெட்டுவது, இறைச்சியைத் தொட்ட கையாலேயே தண்ணீர்க் குழாயைத் திறப்பது.

2024 இறுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டில் பரவியபோதும் இதே பயம் வந்தது. அது பன்றிகளை வாரிக்கொண்டு போகும் நோய், மனிதருக்குத் தொற்றாது. வளர்த்தவர்களுக்குத்தான் பெரிய அடி.

மரக்கறியையும் குக்கருக்குள் போட்டால் என்ன?

போடலாம், எனக்குப் பிடிக்காது. பூசணி கரைந்து காணாமல் போகும், கரட் இறைச்சி ருசியைக் குடித்துவிட்டுத் தன் ருசியை விட்டுவிடும். வேடிக்கை என்னவென்றால் உருளைக்கிழங்கு மட்டும் இறைச்சி பிரிந்த பிறகும் நறுக்கென்று நிற்கும். கிழங்கை இளக்க நல்ல சூடு வேண்டும், குக்கர் அந்தச் சூட்டுக்கு வர நேரமாகும், அதற்குள் கொறுக்காயின் புளிப்பு கிழங்கை இன்னும் இறுக்கிவிடும். சாம்பாரில் புளியை முதலே விட்டால் மரக்கறி வேகாது என்று அம்மாமார் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

அவனில் வாட்டும்போது நடப்பது நேர்மாறு. ஈரம் போகும், இனிப்புத் திரளும், ஓரம் கருகும். மெத்தென்ற இறைச்சிக்குப் பக்கத்தில் அந்தக் கருகிய ஓரம் வேண்டும். ஒரு தட்டு முழுக்க மெத்தென்றே இருந்தால் அது நோயாளிச் சாப்பாடு.

எந்த மரக்கறி, எவ்வளவு நேரம்?

அவனை 200 பாகைக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பீற்றூட்டும் கரட்டும் 40 முதல் 45 நிமிடம். வற்றாளைக்கிழங்கும் உருளைக்கிழங்கும் 35. பூசணி, கத்தரிக்காய், வெங்காயம் 30. வெண்டிக்காய், கறிமிளகாய், போஞ்சி 15 முதல் 20. நேரத்தைப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டில் சேருங்கள். பீற்றூட்டை ஒரு மூலையில் ஒதுக்காவிட்டால் எல்லாம் சிவந்துவிடும்.

என் கருத்தில் இந்தப் பட்டியலில் வெண்டிக்காய்தான் ராசா. முழுதாக, ஈரம் துடைத்து, எண்ணெய் பூசி வாட்டினால் வழுவழுப்பே இருக்காது, வாலின் நுனி மொறுமொறுவென்று இருக்கும். வெண்டிக்காயை ஒதுக்கும் பிள்ளைகூட இதைக் கையால் எடுத்துச் சாப்பிடும். கத்தரிக்காய் எண்ணெய் குடிக்கும், முதலில் உப்புப் பிரட்டி வைத்து நீரைப் பிழிந்துவிடுங்கள். பூசணியைத் தோலோடு வாட்டுங்கள். ஈரப்பலாக்காய் கிடைக்கும் காலத்தில் உருளைக்கிழங்கை மறந்துவிடலாம். ஆனால் அதை முதலில் அரைவேக்காடாக அவித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு விதி: துண்டுகள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. மேசை அவன் சிறியதுதான், தெரியும். இரண்டு தவணையாக வாட்டுங்கள். குவித்து வைத்தால் மரக்கறி தன் ஆவியிலேயே அவிந்துவிடும், நிறம் வராது.

அவன் இல்லையே?

ரொட்டிக்கல் அல்லது தடித்த தாச்சி போதும். கிழங்கு வகையை உப்புத் தண்ணீரில் முக்கால்வாசி அவித்து, வடித்து, உலரவிட்டு, காய்ந்த கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்க விடுங்கள். எயார் ஃப்ரையர் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், நேரம் மூன்றில் ஒரு பங்கு குறையும். நத்தாருக்குக் கேக் போட்டுத் தரும் பேக்கரி பக்கத்தில் இருந்தால், பாண் எடுத்தபின் போறணையின் மிச்சச் சூட்டில் ஒரு தட்டு மரக்கறி வைக்கலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். அப்படிக் கேட்டால் தேங்காயெண்ணெயில் பிரட்டிக் கொடுங்கள், பன்றிக் கொழுப்புப் பட்ட தட்டை அடுத்தவர் போறணைக்குள் அனுப்பாதீர்கள்.

நாலு நாளும் என்னென்ன என்று விவரமாகச் சொல்லுங்கள்.

ஞாயிறு: பிரித்த இறைச்சியைத் தட்டில் பரப்பி, மேலே நாலு கரண்டி சாறு தெளித்து, 220 பாகையில் எட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். மேலே உள்ள நார்கள் மொறுமொறுப்பாகும், கீழே ஈரமாக இருக்கும். வாட்டிய மரக்கறி, ரோஸ்ட் பாண், தேசிக்காய் பிழிந்த பச்சை வெங்காயச் சம்பல். தம்பலகாமம் பக்கத்து எருமைத் தயிர் இருந்தால் இரண்டு கரண்டி, உப்பும் மிளகும் போட்டு. அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

திங்கள்: கறுப்புக் கறி. சாற்றின் மேல் உறைந்த கொழுப்பில் ஒரு கரண்டி எடுத்துச் சட்டியில் உருக்கி வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளியுங்கள். கடும் வறுவலாக வறுத்த கறித்தூள் இரண்டு மேசைக்கரண்டி போட்டு, கருகமுன் ஒரு கோப்பைச் சாறு விடுங்கள். தூள் பச்சை வாசம் போனதும் இறைச்சி. பத்துப் பதினைந்து நிமிடத்தில் சாறு சுண்டி இறைச்சியோடு ஒட்டிவிடும். பால் விடுவதென்றால் இறக்கும்போது கொஞ்சம் முதற்பால், நான் விடுவதில்லை. பிட்டுக்கு இதைவிட நல்ல கறி எனக்குத் தெரியாது. ஏற்கெனவே வெந்த இறைச்சி என்பதால் வேலையால் வந்து பிட்டு அவியும் நேரத்தில் கறி முடிந்துவிடும்.

செவ்வாய்: கொத்து. கடையில் வெறும் ரொட்டியாக வாங்கிவந்து வீட்டில் கீலம் கீலமாக வெட்டுங்கள். லீக்ஸ், கோவா, முட்டை, ஞாயிறு மிஞ்சிய வாட்டிய மரக்கறி, இறைச்சி, திங்கள் கறியின் அடிக்குழம்பு. தகரத்தில் தாளம் போட முடியாது, ருசிக்குக் குறைவில்லை.

புதன்: கொஞ்ச இறைச்சிதான் இருக்கும். உருளைக்கிழங்கு மசித்து மிளகு கூடப் போட்டு ரோல்ஸ், அல்லது பருப்பும் மரக்கறியும் போட்டு மிச்சச் சாற்றில் ஒரு சூப். அலுத்துவிட்டது என்றால் புதன் பங்கை ஞாயிறே ஃபிரீசரில் போட்டுவிட்டு மீன் வாங்குங்கள். கடல் பக்கத்தில் இருக்கிறோம், நாலு நாளும் பன்றி சாப்பிட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

சாறு பிரிஜ்ஜில் கட்டியாகிவிட்டது. பழுதாகிவிட்டதா?

இல்லை, அது நல்ல சாறு. மேலே வெள்ளையாக ஒரு தட்டு நிற்கும், அது கொழுப்பு. கீழே மண்ணிறத்தில் தளதளவென்று நிற்பது ஜெலற்றின், முன்பு சொன்ன கொலாஜன்தான் உருமாறி நிற்கிறது. கொழுப்பைக் கத்தியால் ஒரே தட்டாகத் தூக்கி எடுத்துச் சிறு போத்தலில் வையுங்கள், உருளைக்கிழங்கு வாட்ட அதற்கு ஈடு இல்லை. ஜெலியைக் கறிக்கும் சூப்புக்கும். நாலு நாளைக்குள் முடிக்க முடியாததை ஃபிரீசரில் போடுங்கள்.

தோலை என்ன செய்வது?

குக்கரில் போட்டால் பசையாகிவிடும். உட்பக்கக் கொழுப்பைச் சுரண்டி, உப்புத் தேய்த்து, மூடாமல் இரவு முழுக்கப் பிரிஜ்ஜில் உலரவிட்டு, மரக்கறி எடுத்தபிறகு 220 பாகையில் பொங்கும்வரை வையுங்கள். மேசைக்கு வரமுன் தீர்ந்துவிடும்.

நம் வெக்கைக்கு நாலு நாள் வைப்பது பாதுகாப்பா?

சமைத்த இறைச்சி 5 பாகைக்குக் கீழே மூன்று நாலு நாள் நிற்கும். ஆபத்து பிரிஜ்ஜுக்குப் போகும் முன்தான். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையே கிருமி வேகமாகப் பெருகும். பொதுவாக இரண்டு மணித்தியாலம் என்பார்கள், 32 பாகைக்கு மேல் வெக்கை என்றால் ஒரு மணித்தியாலம்தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம் குசினிகள் பகலில் அந்தக் கணக்குக்குள்தான் வரும். ஆகவே பெரிய சட்டியோடு ஆற வைக்காதீர்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் உயராத தட்டையான பெட்டிகளில் பிரித்து, தேவையென்றால் குளிர்ந்த தண்ணீர்ப் பேசினில் கொஞ்ச நேரம் வைத்து, உள்ளே போடுங்கள். ஒவ்வொரு நாளும் அன்றைய பெட்டியை மட்டும் எடுத்து, ஆவி பறக்கச் சூடாக்குங்கள். சூடாக்க ஸ்லோ குக்கரைப் பாவிக்க வேண்டாம், அது ஏறுவதற்குள் கிருமிக்கு நேரம் கிடைத்துவிடும்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு ஈரமான பிரித்த இறைச்சியைக் கட்டிக் கொடுப்பதை நான் தவிர்க்கிறேன். மத்தியானம் வரை வெக்கையில் கிடக்கும்.

ஃபிரீசரில் எவ்வளவு காலம்?

இரண்டு மூன்று மாதம் ருசி கெடாது. 200, 300 கிராமாகப் பொலித்தீன் பையில் தட்டையாக்கி, கொஞ்சம் சாறும் விட்டு, திகதி எழுதிப் போடுங்கள். இளக வைப்பது பிரிஜ்ஜுக்குள். பச்சையாக உறைந்த இறைச்சியை நேரே குக்கரில் போடவே கூடாது, முழுதாக இளகியபின்தான்.

நடுவில் மின்சாரம் போனால்?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாடு இது, கேள்வி நியாயம்தான். நீங்கள் விழித்திருக்கும்போது போனால் உடனே காஸ் அடுப்புக்கு மாற்றிச் சமையலை முடியுங்கள். வெந்து முடிந்தபின் போனால் மூடியைத் திறக்காமல் இரண்டு மணித்தியாலம் வரை வைக்கலாம். நீங்கள் தூங்கும்போதோ வெளியே இருக்கும்போதோ போய் எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள். மனம் வராது, வயிறு நன்றி சொல்லும்.

அவனிலோ வானொலியிலோ டிஜிட்டல் கடிகாரம் இருந்தால் காலையில் அதைப் பாருங்கள். பூச்சியத்தில் விட்டு விட்டு மின்னினால் இரவில் மின்சாரம் போய் வந்திருக்கிறது. வாங்கும்போது திருகு ஆழி உள்ள சாதாரணக் குக்கரை வாங்குங்கள், மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பொத்தான் அழுத்தும் டிஜிட்டல் வகையில் பல அணைந்தபடியே கிடக்கும்.

மின்கட்டணம் எகிறாதா?

மூன்றரை லீற்றர்க் குக்கர் 200 வாட் அளவில்தான் எடுக்கும். எட்டு மணித்தியாலத்துக்கு 1.6 அலகு. 1500 வாட் அவன் முக்கால் மணித்தியாலம் ஓடினால் ஒரு அலகுக்குச் சற்று மேல். காஸில் மூன்று மணித்தியாலம் நிறுத்துவதோடு ஒப்பிட்டால் யோசிக்க ஒன்றுமில்லை.

கனடாவில் இருந்து மாமா ஒரு குக்கர் கொண்டுவந்தார். பாவிக்கலாமா?

அடியில் ஒட்டியிருப்பதை வாசியுங்கள். கனடா, அமெரிக்கச் சாமான் 120 வோல்ற், நம் மின்சாரம் 230. நேரே செருகினால் மாமாவின் பாசம் புகையாகப் போய்விடும். போதிய வாட் தாங்கும் மின்மாற்றி வேண்டும், அதன் விலைக்கு இங்கேயே ஒரு குக்கர் வாங்கலாம். இங்கிலாந்து, அவுஸ்திரேலியாவில் இருந்து வந்தால் வோல்ற் பிரச்சினையில்லை, அவுஸ்திரேலியச் செருகி மட்டும் பொருந்தாது.

ஸ்லோ குக்கரே இல்லாவிட்டால்?

அடி தடித்த சட்டியில், இறுக்கமான மூடியோடு, காஸின் மிகக் குறைந்த தணலில் மூன்று, மூன்றரை மணித்தியாலம். இடையிடையே தண்ணீர் பார்க்க வேண்டும். பிரஷர் குக்கரில் ஐம்பது நிமிடம், பிறகு ஆவி தானாக இறங்கும்வரை விடவும். றைஸ் குக்கரின் சூடு காக்கும் நிலையில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், அந்தச் சூடு பச்சை இறைச்சிக்குப் போதாது.

பன்றி சாப்பிட மாட்டோம். இதே முறை வேறு இறைச்சிக்குச் சரிவருமா?

ஆட்டின் தோளும் காலும் அருமையாக வரும், நேரம் அதேதான். மாட்டிறைச்சியில் கெண்டைப்பகுதி. கோழிக்கு எட்டு மணித்தியாலம் அதிகம், தொடைப்பகுதியைத் தோல் நீக்கிக் குறைந்த சூட்டில் ஐந்து, ஆறு. இன்னொரு விஷயம், இந்தக் குக்கரைக் கண்டுபிடித்தவர் ஏர்விங் நாக்சன் என்ற அமெரிக்க யூதர். 1940இல் காப்புரிமை கிடைத்தது, 1971இல் க்றொக்-பொட் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால் முதல் நாளே அடுப்பில் வைத்துவிடும் சோலன்ட் என்ற அவரைக் குழம்புதான் அவருக்கு அந்த யோசனையைத் தந்ததாகச் சொல்வார்கள். பன்றியே தொடாத வீட்டுச் சமையலில் பிறந்த பாத்திரம், அதனால் இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

சிவப்புக் கிட்னி பீன்ஸை மட்டும் பச்சையாக இதற்குள் போடாதீர்கள். ஊறவைத்து, வேறு சட்டியில் பத்து நிமிடம் கொதிக்கக் கொதிக்க அவித்த பிறகே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதிலுள்ள நஞ்சு போகாது.

முஸ்லிம் நண்பர்கள் சாப்பிட வந்தால்?

பன்றி சமைத்த சட்டியைக் கழுவி அதில் கோழி ஆக்கிக் கொடுப்பது சரியில்லை, அவர்கள் கேட்காவிட்டாலும். எங்கள் வீட்டில் அன்றைக்குப் பன்றியே கிடையாது. மீனும் மரக்கறியும் வேறு பாத்திரத்தில், இறைச்சி வேண்டுமென்றால் ஹலால் கடையில் வாங்கியது. குக்கரின் சட்டி, பலகை, கத்தி மூன்றையும் பன்றிக்கென்றே ஒதுக்கி வைத்தால் யாருக்கும் சங்கடமில்லை. சைவ உறவினருக்கும் அதே ஒழுங்குதான்.

தவக்காலத்தில்?

சாம்பல் புதனும் வெள்ளிக்கிழமைகளும் இறைச்சி இல்லை. ஞாயிறு தொடங்கிப் புதனோடு முடியும் கணக்கு என்பதால் வெள்ளி தானாகவே தப்பிவிடும். சாம்பல் புதன் வரும் கிழமை மட்டும் ஒன்றரைக் கிலோ போடுங்கள்.

சட்டியை எப்படிக் கழுவுவது?

சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் படக் கூடாது, பீங்கான் வெடித்துவிடும். ஆறியபின் வெந்நீரும் சவர்க்காரமும் விட்டு ஒரு மணித்தியாலம் ஊறவிடுங்கள், கம்பித் தும்பு போடாதீர்கள். கொழுப்பை வாய்க்காலில் ஊற்றினால் உறைந்து அடைத்துவிடும், பழைய பத்திரிகையில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். கொறுக்காயின் கறை வெள்ளைச் சட்டியில் பிடித்துவிட்டால் அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி இரவு விட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.